நாற்பதாம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு கணிதம் படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். போன கோடை விடுமுறையில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் மூன்று வாரத்தில் முடித்தேன். அன்றிலிருந்து நாவல் என்றால் உயிர். இதுவரை 22 நாவல்கள் படித்துவிட்டேன். ஆனால் ஒரு மாதம் போனால் பாத்திரங்களின் பெயர்கூட ஞாபகம் இருப்பதில்லை. அறைத்தோழி "அந்த நாவல் என்னதான் சொல்லுது?" என்று கேட்டால் கதையைச் சொல்கிறேன், அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சீனியர் அக்கா ஒருவர் கொடுத்த 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 40 பக்கத்திலேயே நின்றுவிட்டது. அதைப் படிக்கிற அளவு எனக்கு அறிவு இல்லையோ என்று பயமாக இருக்கிறது. "கதைப்புத்தகம் படிச்சு என்ன ஆகப்போகுது?" என்று அப்பா கேட்கிறார். புத்தகங்கள் எனக்கு ரொம்ப முக்கியம். ஏன் முக்கியம் என்று மட்டும் எனக்கே சொல்ல வரவில்லை. எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்?

— ஒரு மாணவி, திருநெல்வேலி மாவட்டம்

நூலகர் பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

படித்தது மறந்துபோவதையும் ஒரு நாவல் பாதியில் நின்றதையும் நீங்கள் இரண்டு தனித்தனிக் குறைகளாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நீங்கள் முதலில் படித்துப் பழகிய நாவல் எப்படி எழுதப்பட்டது என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை, ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் தொடராக வந்தது. ஐந்து பாகமும் சேர்ந்து 293 அத்தியாயங்கள். அன்றைய வாசகர் வாரத்துக்கு ஓர் அத்தியாயமோ இரண்டோ படித்துவிட்டு அடுத்த இதழுக்குக் காத்திருந்தார். அந்த இடைவெளியில் அவருக்கு எதெல்லாம் மறக்கும் என்று ஆசிரியருக்குத் தெரியும். அதனால் ஒரு பாத்திரம் நெடுநாள் கழித்துத் திரும்ப வந்தால், இவர் யார், கடைசியாக எங்கே பார்த்தோம் என்று அவரே எடுத்துச் சொல்லிவிடுவார். அத்தியாயம் முடிகிற இடத்தில் ஏதோ ஒரு குரல் கேட்கும், இருட்டில் ஓர் உருவம் தெரியும். அடுத்த வாரம்வரை ஆவலைப் பிடித்து வைக்க வேண்டுமே! கூடவே மணியத்தின் ஓவியங்கள், யார் எப்படி இருப்பார் என்று முகத்தை மனதில் பதித்துவிட்டன. ஆக, ஞாபகம் வைத்துக்கொள்கிற வேலையிலும் அடுத்த பக்கத்துக்குப் போகிற வேலையிலும் பெரும்பங்கை நாவலே உங்களுக்காகச் செய்து கொடுத்தது. மூன்றரை ஆண்டுக்கான சாப்பாட்டை மூன்று வாரத்தில் சாப்பிட்டும் உங்களுக்கு அஜீரணம் ஆகாததற்கு அதுதான் காரணம்.

இது அந்த நாவலின் குறை என்று நினைத்துவிடாதீர்கள். தொடர்கதை எழுதுவது தனிக் கலை. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்நாட்டில் வாசகர்களை உண்டாக்கியது அந்தக் கலைதான். ஆனால் எல்லா நாவலும் அப்படி உங்கள் கையைப் பிடித்து அழைத்துப் போகாது. போக வேண்டிய அவசியமும் இல்லை.

இப்போது சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புக'ளை எடுத்து முதல் வாக்கியத்தை மட்டும் திரும்பப் படியுங்கள். ஜே.ஜே. 1960ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் தேதி இறந்துவிட்டான் என்று அது சொல்கிறது. ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் என்று வேறு சொல்கிறது. காம்யு நிஜமான பிரெஞ்சு எழுத்தாளர். 1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் இறந்தது உண்மைச் செய்தி. ஜே.ஜே. கற்பனையான மலையாள எழுத்தாளன். நிஜமான ஒரு சாவுக்குப் பக்கத்தில் கற்பனையான ஒரு சாவைக் கொண்டுவந்து ஒட்டவைத்திருக்கிறார். நாயகன் பிழைப்பானா, மாட்டானா என்கிற கேள்வியை முதல் வரியிலேயே எடுத்துப் போட்டுவிட்டார் பாருங்கள். "அடுத்து என்ன நடக்கும் என்று காத்திருக்காதே, இங்கே அது இல்லை" என்று வாசலிலேயே சொல்லிவிட்ட மாதிரி. நீங்களோ பழக்கத்தில் நாற்பது பக்கமும் அதற்காகவே காத்திருந்தீர்கள். வராத பஸ்ஸுக்கு நின்ற களைப்புதான் உங்களுக்கு வந்தது.

'பொன்னியின் செல்வன்' எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். காலவெள்ளத்தில் ஓர் ஓடம், ஏறிக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் வாசகரை நேரடியாகக் கூப்பிடுகிறார். அடுத்ததாக ஆடிப்பெருக்கு நாள், ஏரிக்கரை, குதிரைமேல் ஒரு வாலிபன். வழி காட்ட ஆள் உண்டு, திருவிழா உண்டு, பயணம் உண்டு என்ற உறுதி அதில் இருக்கிறது. ஒவ்வொரு நல்ல நாவலும் முதல் சில பக்கங்களில் தன்னை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடும். யார் பேசுகிறார்கள், எவ்வளவு சொல்வார்கள், எதைச் சொல்லாமல் விடுவார்கள், காலம் எந்த வேகத்தில் நகரும் எல்லாமே அங்கே இருக்கும். அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கக் கற்றுக்கொள்வதுதான் நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது. இன்னும் 22 நாவல் படிப்பது அதற்கு அப்புறம்.

இதற்கு நான் சொல்லும் முறை எளிது. ஓர் ஏ4 தாளை நான்காகக் கிழித்து, ஒரு துண்டை அடையாளச் சீட்டாகப் புத்தகத்தில் வையுங்கள். முன்பக்கம் பெயர்களுக்கு. ஒரு பாத்திரம் முதலில் வரும்போது பெயர், யாருக்கு என்ன உறவு, பக்க எண், அவ்வளவு போதும். ரஷ்ய நாவலுக்கு மட்டும்தான் இது தேவை என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய குடும்பக் கதை எதுவானாலும், தமிழ் நாவலிலும், மாமா யார், சித்தப்பா யார் என்று முதல் 50 பக்கத்தில்தான் குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தோடு போனால் பின்னால் வருகிற சண்டை யாருக்கும் யாருக்கும் என்றே தெரியாமல் போய்விடும். சீட்டின் பின்பக்கம், உங்களை நிறுத்திய இடங்களின் பக்க எண். பக்கத்தில் இரண்டு சொல். "ப. 63, கிணறு" என்பதுபோல. ஒரு நாவலுக்குப் பத்துப் பன்னிரண்டு போதும். அதற்கு மேல் போகக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டால்தான் எது நிஜமாகவே நிறுத்தியது என்று தேர்ந்தெடுக்கத் தோன்றும். பென்சிலால் கோடு போடுகிறவர்கள் முதல் அத்தியாயத்தில் வரிக்கு வரி போட்டுவிட்டு மூன்றாம் அத்தியாயத்தில் விட்டுவிடுவார்கள். பிறகு அந்தக் கோடுகளை அவர்களே திரும்பிப் பார்ப்பதில்லை. நூலகப் புத்தகத்தில் கோடு போடவே கூடாது. உங்கள் கோடு அடுத்து வருகிறவரின் கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நாவல் முடிந்த அன்று எதையும் எழுத வேண்டாம். மறுநாள், புத்தகத்தைத் திறக்காமல், பத்து வரி எழுதுங்கள். திறக்காமல் என்பதுதான் இதில் முக்கியம். மறதி எப்படி வேலை செய்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885இல் தன்னையே வைத்துச் சோதித்து எழுதினார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடுகிறது, மிச்சமிருப்பது மெதுவாகத்தான் கரைகிறது என்று கண்டார். அவர் மனப்பாடம் செய்தது அர்த்தமே இல்லாத அசைகளை. கதை அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆனாலும் போகிற விதம் இதுதான். 2006இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இருவர் மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பப் படித்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், பார்க்காமல் எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். நினைவிலிருந்து எடுக்கிற அந்தச் சிரமம்தான் மனதில் பதியவைக்கிறது. கணக்கை விடையைப் பார்த்துப் புரிந்துகொள்வதற்கும் நீங்களே போட்டுப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தப் பத்து வரியில் கதைச் சுருக்கம் வேண்டாம். எழுத உட்கார்ந்ததும் முதலில் மனதில் வந்த காட்சி எது, எங்கே அலுப்புத் தட்டியது, யாருடைய மனதுக்குள் ஆசிரியர் நம்மைக் கடைசிவரை விடவே இல்லை. இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். மூன்றாவதுதான் கடினம். பலன் அதிகம் தருவதும் அதுதான். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் இருந்து, நான்கு பேர் நினைப்பதெல்லாம் நமக்குத் தெரிந்து, ஐந்தாமவர் நினைப்பது மட்டும் தெரியவில்லை என்றால், நாவலின் பாரம் பெரும்பாலும் அந்த ஐந்தாமவர்மேல்தான் இருக்கும். அலுப்பையும் மறைக்காதீர்கள். அலுத்த இடத்தில் ஆசிரியர் சறுக்கியிருக்கலாம், அல்லது நீங்கள் எதிர்பார்த்த ஒன்றைக் கொடுக்க அவர் மறுத்திருக்கலாம். எது என்று ஒரு வாரம் கழித்துத் தெரியும்.

ஒரு வாரம் கழித்து என்ன செய்ய வேண்டும் என்றால், அதே நாவலின் முதல் அத்தியாயத்தை மட்டும் திரும்பப் படிக்க வேண்டும். இருபது நிமிட வேலை. இந்த ஒன்றைச் செய்தால் நான் மேலே சொன்ன வேறு எதையும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. முதல் முறை படித்தபோது வெறும் ஊர் வர்ணனையாகத் தெரிந்த பத்தியில், கடைசி அத்தியாயத்தில் நடந்தது ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது தெரியும். சும்மா வந்துபோனதாக நினைத்த கிழவி, நாவலையே தூக்கிச் சுமந்தவளாகத் தெரிவாள். "என்னதான் சொல்லுது?" என்ற உங்கள் அறைத்தோழியின் கேள்விக்குப் பதில் அங்கேதான் தொடங்குகிறது. நான்கு நாவலுக்கு ஒன்றையாவது, முதல் அத்தியாயத்தோடு நிறுத்தாமல், முழுக்க இரண்டாம் முறை படியுங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும்.

அறைத்தோழியின் கேள்வியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் துணைப்பாடக் கதை ஒவ்வொன்றுக்கும் கடைசியில் 'இக்கதை உணர்த்தும் கருத்து' என்று இரண்டு மதிப்பெண் கேள்வி வைத்துப் பழக்கிவிட்டார்கள். அதனால் நாவலுக்குள்ளும் ஒரு கருத்து ஒளிந்திருக்கிறது, கெட்டிக்காரர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற எண்ணம் நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பூமணியின் 'வெக்கை'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1982இல் வந்த நாவல். 2019இல் வந்த 'அசுரன்' படத்துக்கு மூலம் என்பதால் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணனைக் கொல்லவைத்த நிலக்காரனைச் சிதம்பரம் என்ற பதினைந்து வயதுப் பையன் வெட்டுகிறான். அது நாவலின் தொடக்கத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மிச்சப் பக்கங்கள் முழுக்க, அந்தப் பையனும் அவன் அப்பா பரமசிவமும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள்.

இதன் 'கருத்து' என்ன? ஆதிக்கம் வன்முறையைப் பிறப்பிக்கும் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம், இரண்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடலாம். அந்த ஒரு வரிக்கு நாவல் எதற்கு? சுவரில் எழுதினால் போதுமே. பூமணி பக்கம் பக்கமாக எதை எழுதுகிறார் என்று பாருங்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எதைச் சமைத்துச் சாப்பிடுவது, புகை தெரியாமல் எப்படி அடுப்பு மூட்டுவது, ராத்திரி எங்கே படுப்பது, எந்தப் பக்கம் ஆள் வரும். கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையிடம் அப்பா "ஏண்டா செய்தாய்?" என்று கத்திக்கொண்டிருக்கவில்லை, அவனுக்குப் பசிக்குமே என்று பார்க்கிறார். பையன் ஒரு நேரம் பெரிய மனிதனைப்போல யோசிக்கிறான், இன்னொரு நேரம் அச்சு அசலாகச் சின்னப் பிள்ளையாக இருக்கிறான். கொலை என்ற சொல்லுக்கும் பையன் என்ற சொல்லுக்கும் நடுவே இத்தனை சோறும் தண்ணீரும் தூக்கமும் இருக்கின்றன என்பதை, அவர்களோடு நடந்து நமக்கே தாகம் எடுக்கும்போதுதான் உணர முடிகிறது. செய்தித்தாளில் மறுநாள் ஒரு சிறுவன் கொலை செய்தான் என்று வாசிக்கும்போது முன்புபோல உங்களால் அதைத் தாண்டிப் போக முடியாது. நாவலின் அர்த்தம் என்று நான் சொல்வது இதைத்தான்: படிக்கிற அத்தனை மணி நேரமும் அது உங்களை எங்கே நிறுத்திவைத்தது, எதைப் பார்க்கவைத்தது என்பது. அடுத்த முறை தோழி கேட்டால் கதையையும் சொல்ல வேண்டாம், கருத்தையும் சொல்ல வேண்டாம். சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்து, உங்களை நிறுத்திய ஒரு பக்கத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு பேசுங்கள்.

படம் பார்த்துவிட்டுப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 'அசுரன்' அப்பாவைச் சுற்றிப் போகிறது. 'வெக்கை' பையனை ஒட்டியே போகிறது. படத்தை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், வராத சண்டைக்குக் காத்திருந்து அலுத்துப்போவீர்கள். ஒன்றுக்கொன்று மாறும் இடங்களைக் குறித்துக்கொண்டே போனால் இந்தச் சிக்கலே நல்ல பயிற்சியாகிவிடும்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உடனே 'ஜே.ஜே.'வுக்குத் திரும்ப வேண்டாம். முதலில் அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வந்தது, சிறிய நாவல், இரண்டு மூன்று நாளில் முடியும். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், ஒரு தெரு, ஜமுனா, அவள் தங்கை சாயா, பக்கத்தில் இருக்கும் டீச்சரம்மா. மொழியில் ஒரு கடினச் சொல்கூட இருக்காது. ஆனால் யார் என்ன உணர்கிறார்கள் என்று ஆசிரியர் எடுத்துச் சொல்ல மாட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே போனார்கள், யார் என்ன பேசினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வார். மற்றதை நீங்கள்தான் ஊகிக்க வேண்டும். டீச்சரம்மா தன் வாழ்க்கையைப் பற்றி ஜமுனாவிடம் பேசும் இடம் வரும். அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். சொல்லாமல் விடுவதைக் கேட்கும் பழக்கம் இந்த நாவலில் வந்துவிடும். அதன்பின் 'வெக்கை'. அதன்பின் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. இதில் ஒரு ஊரே நாயகன். தனி ஒருவரின் கதையைத் தேடினால் கிடைக்காது. இந்த மூன்றையும் முடித்துவிட்டு 'ஜே.ஜே.'வை எடுங்கள். அப்போது நாளுக்கு 15 பக்கத்துக்கு மேல் வேண்டாம். கதை சொல்லும் பாலு, ஜே.ஜே.யைப் பற்றிச் சொல்வதில் எதை நம்பலாம், எதில் அவன் வியப்பு கலந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். பின்பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்பே வரும்போது அந்தக் கேள்விக்கு வேறொரு வெளிச்சம் கிடைக்கும். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடுங்கள். பிடிக்காமல் போவதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. புரியவில்லை என்ற பயத்தில் விடுவதுதான் கூடாது.

வட்டார வழக்கு நாவல்களில் பலர் முதல் அத்தியாயத்திலேயே அகராதியைத் தேடப் போய் நின்றுவிடுவார்கள். சொல்லைத் தேடாதீர்கள், வாக்கியத்தை வாய்விட்டுப் படியுங்கள். அது எழுதப்பட்டதே பேச்சின் ஓசையில். கண்ணுக்கு அந்நியமாகத் தெரிகிற சொல் காதுக்குப் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். மூன்று முறை வந்தும் பிடிபடாத சொல்லை மட்டும் சீட்டில் எழுதி வைத்து, அத்தியாயம் முடிந்தபின் பாருங்கள். கி.ரா. கரிசல் வட்டாரத்துக்கும், பெருமாள்முருகன் கொங்கு வட்டாரத்துக்கும் சொல்லகராதி தொகுத்திருக்கிறார்கள். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். நெல்லைப் பேச்சு காதில் விழுந்து வளர்ந்தவர் நீங்கள். கரிசல் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான், பயப்பட ஒன்றுமில்லை.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். பழைய நாவல்களின் புதிய பதிப்புகளில் விமர்சகர்கள் நீண்ட முன்னுரை எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் அவை நாவலை ஏற்கெனவே படித்தவர்களுக்கானவை. முடிவையும் சொல்லிவிடும், இதை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று ஒரு கண்ணாடியையும் மாட்டிவிடும். உங்கள் பத்து வரியை எழுதிவிட்டு அதைப் படித்தால், அவரோடு சண்டைபோட உங்களிடம் ஏதாவது இருக்கும்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். நாவல் படித்தால் ஆங்கிலம் வளரும், நினைவாற்றல் கூடும், போட்டித் தேர்வுக்கு உதவும் என்றெல்லாம் அவரிடம் வாதாட வேண்டாம். நாவல் உங்கள் கணித மதிப்பெண்ணை உயர்த்தாது. அதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பேசுவதுதான் நேர்மை. நூலகத் துறையில் நாங்கள் குருவாக நினைக்கும் எஸ்.ஆர். ரங்கநாதன் உங்கள் பாடத்தைச் சேர்ந்தவர்தான். சீர்காழிக்காரர், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. அந்த விதிகளில் எங்கேயும் அந்த நூல் பிழைப்புக்கு உதவ வேண்டும் என்று அவர் நிபந்தனை போடவில்லை. ஆனால் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அப்பாவின் கவலையும் நேரத்தைப் பற்றியதுதான். அதற்கு நீங்கள் கணக்காகவே பதில் சொல்லலாம்.

கைபேசியில் பத்து நிமிடம் வைத்து, வழக்கமான வேகத்தில் எத்தனை பக்கம் போகிறது என்று பாருங்கள். எட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். தினம் 40 நிமிடம் படித்தால் 32 பக்கம். 250 பக்க நாவல் எட்டு நாளில் முடியும். ஒரு பருவத்துக்கு 90 நாள் என்றால் பதினோரு நாவல். நான் சொன்னபடி நான்கில் ஒன்றைத் திரும்பப் படித்தாலும் எட்டு ஒன்பது தேறும். தாராளமாகப் போதும். நாற்பது நிமிடத்தை ஒரே நேரத்தில், இரவு உணவுக்குப் பின் என்பதுபோல, நிலையாக வையுங்கள். இரவு 11 மணிக்கு மேல் தொடர்கதை நாவலைத் தொடாதீர்கள். அத்தியாய முடிவு உங்களைத் தூங்கவிடாமல் செய்வதற்கென்றே எழுதப்பட்டது. தேர்வு மாதத்தில் நாவலை அறவே விட வேண்டியதில்லை. புதிதாக எதையும் தொடங்காமல், ஏற்கெனவே படித்ததைத் திரும்பப் படியுங்கள். கதை தெரிந்திருப்பதால் எந்தப் பக்கத்திலும் மூடி வைக்கலாம். ஒரு பருவம் இப்படி நடந்து, மதிப்பெண்ணும் குறையாமல் இருந்தால், அப்பா அந்தக் கேள்வியை விட்டுவிட்டு "என்னம்மா படிக்கிற?" என்று கேட்க வாய்ப்பிருக்கிறது. அப்படிக் கேட்டால் 'தண்ணீ'ரை அவர் கையில் கொடுங்கள். குழாயடியில் காத்திருந்த தலைமுறைக்கு அது உடனே பிடிபடும்.

புத்தகம் வாங்குவதில் சில எச்சரிக்கைகள். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் 'பொன்னியின் செல்வ'னை எந்தப் பதிப்பகமும் வெளியிடலாம், விலை மலிவு. மலிவுப் பதிப்பு சிலவற்றில் எழுத்து பொடியாக இருக்கும், மெய்ப்புப் பார்த்திருக்க மாட்டார்கள், சில நேரம் வரியே விட்டுப்போயிருக்கும். வாங்குவதற்கு முன் நடுவில் ஏதாவது இரண்டு பக்கத்தைத் திறந்து ஒரு பத்தி படித்துப் பாருங்கள். பிழை கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். உரிமைப் பக்கத்தில் 'சுருக்கப் பதிப்பு' என்று இருக்கிறதா, முதல் பதிப்பு எந்த ஆண்டு என்று பாருங்கள். முதல் பதிப்பின் ஆண்டு தெரியாமல் நாவல் படிப்பது தேதி இல்லாத கடிதத்தைப் படிப்பதுபோலத்தான். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரும், மூலமொழியிலிருந்து நேரடியாகச் செய்ததா, ஆங்கிலம் வழியாகவா என்பதும் அங்கே இருக்க வேண்டும். பெயரே போடாத மொழிபெயர்ப்பைத் தொட வேண்டாம்.

பிடிஎஃப் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகும்வரை அவர் எழுத்துக்குப் பதிப்புரிமை உண்டு. அந்தக் காலம் கடந்தவற்றையும் நாட்டுடைமை ஆனவற்றையும் தாராளமாக இறக்கிப் படிக்கலாம். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அவற்றை இலவசமாகவே தருகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றுகிற, இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாவல்கள் திருட்டு. சில நூறு பிரதி விற்றாலே பெரிது என்றிருக்கும் தமிழ் நாவலாசிரியருக்கு அது நேரடி நஷ்டம். படிக்கிறவருக்கும் நஷ்டம்தான்: பக்கம் விட்டுப்போயிருக்கும், ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், கைபேசியில் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் படிப்பதில் எந்தப் பக்கம், எவ்வளவு மிச்சம் என்ற உணர்வே இல்லாமல் போகும்.

காசில்லை என்றால் நூலகம் இருக்கிறது. உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் முகவரிச் சான்றும் சிறு காப்புத்தொகையும் கொடுத்தால் உறுப்பினராகிவிடலாம். விடுதியில் இருப்பதால் கல்லூரி அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். உள்ளூர்க்காரர் ஒருவரின் பொறுப்புக் கையெழுத்துக் கேட்டால் பேராசிரியரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரியில் தேடிவிட்டு இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். நாவல்கள் பெரும்பாலும் படித்தவர் வைத்த இடத்தில்தான் இருக்கும், இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. நூலகரிடம் நூலின் பெயர், ஆசிரியர் பெயர் இரண்டையும் தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். வேறொருவர் எடுத்துப் போயிருந்தால், திரும்பி வந்ததும் உங்களுக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். அந்தக் கிளையிலேயே இல்லை என்றால் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். வாசகர் பரிந்துரை எழுதும் பதிவேட்டில் பெயரையும் பதிப்பகத்தையும் எழுதி வையுங்கள். ஒரே நூலை மூன்று பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் அதற்குக் கொஞ்சம் கனம் கூடும். அறைத்தோழியையும் அந்தச் சீனியர் அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.